கொழுப்புக் கல்லீரல் நோயில் பித்தநாளச் செல்களின் பங்கு

கொழுப்புக் கல்லீரல் நோய் என்பது கல்லீரலின் முதன்மைச் செல்களுக்குள் அளவுக்கு மீறிக் கொழுப்பு சேர்வதால் உண்டாகும் நோயாகும். கல்லீரலில் உள்ள செல்களில் நூற்றுக்கு 5 அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் காணப்பட்டால் அதைக் கொழுப்பு படிந்த கல்லீரல் என்பது நோய்க்குறியியல் வழக்கு. கொழுப்பு சேர்வது ஈரல் செல்களில்தான் என்பதால், இந்நோயைப் பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகள் அச்செல்களையே சுற்றி வந்தன. கல்லீரலுக்குள் ஓடும் பித்தநாளங்களின் உட்சுவரை அமைக்கும் செல்கள் பித்தக் குழாயின் உட்பூச்சு என்ற அளவிலேயே கருதப்பட்டன. கடந்த இருபது ஆண்டுகளில் இந்த எண்ணம் பெரிதும் மாறியிருக்கிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் சிலருக்கு ஆயுள் முழுவதும் தொல்லை தராமல் இருக்கிறது. வேறு சிலருக்கு அதுவே தழும்பேறி, சிரோசிஸ் எனும் இறுகிய கல்லீரலாக முடிகிறது. இந்த இரண்டு வழிகளும் பிரியும் இடத்தில் பித்தநாளச் செல்களின் மாற்றங்கள் தென்படுகின்றன.

இக்கட்டுரையில் பித்தம் என்ற சொல் கல்லீரல் சுரக்கும் பித்தநீரை மட்டுமே குறிக்கும். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று சொல்லப்படும் மூன்றில் ஒன்றான பித்தம் வேறொரு கருத்தாக்கம். பேச்சுவழக்கில் "பித்தம் ஏறிவிட்டது" என்பதற்கும் இங்கே கூறப்படுவதற்கும் தொடர்பில்லை.

பித்தநாளச் செல்கள்

கல்லீரலின் எடையில் பெரும்பகுதி ஈரல் செல்களால் ஆனது. இவற்றை ஹெப்பாட்டோசைட்டுகள் என்பர். உணவுச்சத்தைப் பதப்படுத்துவது, புரதங்களை உண்டாக்குவது, நச்சுப் பொருள்களை முறிப்பது, பித்தநீரைச் சுரப்பது ஆகியவை இவற்றின் வேலை. பித்தநாளச் செல்களுக்கு கோலாஞ்சியோசைட்டுகள் என்று பெயர். கல்லீரல் செல்களின் மொத்த எண்ணிக்கையில் இவை நூற்றுக்கு 3 முதல் 5 வரைதான் இருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதும் இவை நீண்டகாலம் கவனம் பெறாமல் போனதற்கு ஒரு காரணம்.

பித்தநீர் முதலில் இரண்டு ஈரல் செல்களுக்கு இடையிலுள்ள மிக நுண்ணிய வாய்க்காலில் சேர்கிறது. இவ்வாய்க்காலுக்குத் தனிச்சுவர் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஈரல் செல்களின் சவ்வே அதன் கரை. பல வாய்க்கால்கள் சேர்ந்து ஹெரிங் கால்வாய் என்ற இடத்தை அடைகின்றன. செருமானிய உடலியலாளர் எவால்ட் ஹெரிங்கின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் கால்வாயின் ஒரு பக்கச் சுவர் ஈரல் செல்களாலும் மறுபக்கச் சுவர் பித்தநாளச் செல்களாலும் ஆனது. இரண்டு வகைச் செல்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எல்லை இது. பின்னர் கூறப்படும் மாற்றங்களில் பல இந்த எல்லையில்தான் தொடங்குகின்றன. அதற்கு அப்பால் நுண்நாளங்கள், சிறுநாளங்கள், பெருநாளங்கள் என்று சிற்றோடைகள் ஆறாவதுபோலப் பெருகி, பித்தநீர் கல்லீரலை விட்டு வெளியேறுகிறது.

பித்தநாளச் செல்கள் வெறும் குழாய்ச் சுவர் அல்ல. நாளொன்றுக்குச் சுமார் 600 முதல் 800 மில்லிலிட்டர் பித்தநீர் உருவாகிறது. அதில் கணிசமான பங்கு நீரையும் பைகார்பனேட்டையும் சேர்ப்பவை இச்செல்களே. உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் அங்கிருந்து சுரக்கும் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் பெரிய பித்தநாளங்களின் செல்களிலுள்ள ஏற்பியில் போய் ஒட்டுகிறது. உடனே அச்செல்கள் பைகார்பனேட் நிறைந்த நீரைப் பித்தத்தில் கலக்கின்றன. செக்ரெட்டின் 1902 இல் பெய்லிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரால் கண்டறியப்பட்ட ஹார்மோன். ஹார்மோன்களின் வரலாறே இதிலிருந்து தொடங்குகிறது எனலாம். பித்த அமிலங்கள் சோப்பைப் போலக் கொழுப்பைக் கரைக்கும் தன்மை உடையவை. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால் அவை செல்லையே கரைத்துவிடக்கூடியவை. பைகார்பனேட் படலம் குடைபோல விரிந்து பித்தநாளச் செல்களை இந்த ஆபத்திலிருந்து காக்கிறது. இச்செல்களின் மேற்பரப்பில் ஒற்றை மயிரிழை போன்ற குறுயிழை ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கும். பித்தநீரின் ஓட்டத்தையும் செறிவையும் அது உணர்ந்து செல்லுக்குத் தெரிவிக்கிறது.

நோயும் பெயர் மாற்றமும்

மது அருந்தாதவர்களின் கல்லீரலிலும், மது அருந்துபவர்களுடையதைப் போன்ற கொழுப்பும் அழற்சியும் காணப்படுவதை 1980 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த யூர்கன் லுட்விக்கும் அவர் குழுவினரும் விவரித்தனர். மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் நோய் என்ற பெயர் அதன்பின் நிலைத்தது. 2023 இல் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் இதை வளர்சிதை மாற்றக் குறைபாடு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று பெயர் மாற்றின. உடற்பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு மிகுதி ஆகியவற்றோடு இந்நோய்க்குள்ள உறவைப் புதுப்பெயர் வெளிப்படையாகச் சொல்கிறது. உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்நோய் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. சென்னை நகரில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்றிலும் இதே அளவான விழுக்காடுதான் கிடைத்தது. இந்திய அரசு 2021 இல் இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருந்தாலும், கல்லீரல் செயலிழப்புவரை செல்பவர்கள் இவர்களில் சிறு பகுதியினரே. படிந்துள்ள கொழுப்பின் அளவைக் கொண்டு அவர்கள் யார் என்று சொல்ல முடிவதில்லை. நோயாளியின் பிற்காலத்தைத் தீர்மானிப்பது தழும்பின் அளவே என்பது பல நாடுகளின் நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஆகவே தழும்பு எங்கிருந்து, எதனால் வருகிறது என்பது இந்நோயின் மையக் கேள்வியாகிறது.

நுண்நாள எதிர்வினை

கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுசிறு அறுகோணக் கூறுகளாகத் தெரியும். கூற்றின் நடுவில் மையச் சிரை இருக்கும். ஓரங்களில் போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி, பித்தநாளம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓடும் போர்ட்டல் பகுதிகள் இருக்கும். வயதுவந்தோரின் கொழுப்புக் கல்லீரல் நோய் பெரும்பாலும் மையச் சிரையைச் சுற்றித்தான் தொடங்குகிறது. கொழுப்பும், செல்கள் பலூன்போல உப்புவதும், முதல் தழும்பு இழைகளும் அங்கேதான் காணப்படுகின்றன. பித்தநாளமோ எதிர்க்கோடியில் இருக்கிறது. அப்படியிருக்க, நோய் முற்றிய கல்லீரல்களின் போர்ட்டல் பகுதிகளில் புதிய நுண்நாளங்கள் கொத்துக்கொத்தாக முளைத்திருப்பதை நோய்க்குறியியலாளர்கள் கண்டனர்.

இதற்கு நுண்நாள எதிர்வினை என்று பெயர். வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஹான்ஸ் பாப்பர் 1957 இல் தம் குழுவினருடன் எழுதிய கட்டுரையிலிருந்து இச்சொல் வழக்குக்கு வந்தது. பித்தநாள அடைப்பு, தீவிரக் கல்லீரல் அழற்சி எனப் பல நோய்களில் இது தோன்றும். இவ்வாறு முளைக்கும் நாளங்களின் வடிவம் ஒழுங்கற்றது. சிலவற்றில் நடுத்துளைகூட இருக்காது. செல்கள் சிறுத்து, சங்கிலிபோல வரிசையாக நின்று, ஈரல் செல்களின் பகுதிக்குள் நுழைந்து போகும். பித்தநாளச் செல்களின் அடையாளமான கெரட்டின் 7, கெரட்டின் 19 ஆகிய புரதங்களுக்குச் சாயமேற்றினால்தான் இவை தெளிவாகத் தெரியும். வழக்கமான சாயத்தில் அழற்சிச் செல்களின் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவதால், முந்தைய தலைமுறை மருத்துவர்கள் பலர் இவற்றைக் காணாமல் விட்டதில் வியப்பில்லை.

கொழுப்புக் கல்லீரலிலும் இந்தச் செல்கள் பெருகுகின்றன என்பதை 2003 இல் பெல்ஜியத்தின் தானியா ராஸ்கம்ஸ் உள்ளிட்டோர் எலிகளிலும் மனிதர்களிலும் காட்டினர். 2007 இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனிதரின் திசு மாதிரிகளில் நுண்நாள எதிர்வினை எவ்வளவு பரவியுள்ளதோ அவ்வளவுக்குத் தழும்பின் நிலையும் உயர்ந்திருப்பதைக் காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு தொடர்பும் தெரியவந்தது. எந்தக் கல்லீரல்களில் ஈரல் செல்கள் பிரியும் திறனை இழந்து நின்றுவிட்டனவோ அவற்றில்தான் நுண்நாளங்கள் அதிகம் முளைத்திருந்தன. எதிர்க்கோடியில் உள்ள பித்தநாளம் ஏன் விழித்துக்கொள்கிறது என்ற புதிருக்கு இது ஒரு விடை தருகிறது.

விடை இதுதான். கல்லீரலின் ஒரு பகுதி சேதமானால், மீதமுள்ள ஈரல் செல்கள் பிரிந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். கல்லீரல் வெட்டி எடுத்தாலும் வளரும் என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுவே. ஆனால் ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் தாக்கும்போது, ஈரல் செல்களின் மரபுப்பொருள் பழுதடைந்து அவை பிரிவதை நிறுத்திக்கொள்கின்றன. முதல்நிலைப் பழுதுபார்ப்பு நின்றுபோனதும் ஹெரிங் கால்வாயை ஒட்டியுள்ள செல்கள் பெருகத் தொடங்குகின்றன. கருவில் ஈரல் செல்லும் பித்தநாளச் செல்லும் ஒரே மூதாதைச் செல்லிலிருந்து பிரிந்தவை. வளர்ந்த பின்னும் இந்த எல்லையோரச் செல்களிடம் பழைய நெகிழ்ச்சி ஓரளவு எஞ்சியிருக்கிறது.

இதற்கான அழைப்பை விடுப்பவையும் நோயுற்ற ஈரல் செல்களே. பலூன்போல உப்பிய செல்கள் இறக்காமலும் சரியாக வாழாமலும் நீண்ட நாள் நின்று, ஹெட்ஜ்ஹாக் எனப்படும் சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகின்றன. கரு வளர்ச்சியின்போது வேலைசெய்து பின்னர் அடங்கிவிடும் சமிக்ஞை இது. வளர்ந்தவரின் கல்லீரலில் அது மீண்டும் எழும்போது பித்தநாள வகைச் செல்கள் பெருகுகின்றன. நாட்ச் என்ற இன்னொரு கருக்காலச் சமிக்ஞையும் இவ்வாறே திரும்பி வருகிறது.

தழும்பு உண்டாகும் விதம்

உடைந்த சுவரைக் கட்ட வந்த கொத்தனார் வீட்டையே சிமெண்டால் நிரப்பிவிட்டுப் போன கதையாக இதன் விளைவு அமைகிறது. பெருகும் பித்தநாளச் செல்கள் அமைதியான நாட்களில் சுரக்காத பல பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் சில, இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களை அழைக்கும் கீமோகைன்கள். போர்ட்டல் பகுதியில் மேக்ரோபேஜ்களும் லிம்போசைட்டுகளும் வந்து குவிவதற்கு இவை காரணம். வேறு சில, தழும்பு உண்டாக்கும் செல்களைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள். டி.ஜி.எஃப். பீட்டா, பி.டி.ஜி.எஃப்., ஆஸ்டியோபான்டின் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை.

இவற்றின் இலக்கு ஸ்டெல்லேட் செல்கள். நட்சத்திரம்போலக் கைகளை விரித்து நிற்கும் இச்செல்கள் நலமான கல்லீரலில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்திருக்கும். தூண்டப்பட்டதும் அவை சேமித்த வைட்டமினை இழந்து, தசைச் செல்போலச் சுருங்கும் திறன் பெற்று, கொலாஜன் இழைகளை நெய்யத் தொடங்குகின்றன. போர்ட்டல் பகுதியிலேயே இயல்பாக உள்ள நார்ச்செல்களும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. புதிய நுண்நாளம் எங்கெல்லாம் நுழைகிறதோ அங்கெல்லாம் கொலாஜன் இழையும் ஒட்டிச் செல்கிறது. இப்படிப் போர்ட்டல் பகுதியிலிருந்து புறப்படும் தழும்பும், மையச் சிரையைச் சுற்றி ஏற்கெனவே உருவான தழும்பும் ஒருநாள் கைகோத்துக்கொள்ளும். இதைப் பாலத் தழும்பு என்பர். 0 முதல் 4 வரையான தழும்பு அளவீட்டில் இது 3 ஆம் நிலை. அடுத்தது சிரோசிஸ். மையப்பகுதித் தழும்பு மட்டும் இருந்தால் கல்லீரலின் கட்டமைப்பு பெரும்பாலும் குலைவதில்லை. போர்ட்டல் பகுதியும் சேரும்போதுதான் இரத்த ஓட்டத்தின் பாதையே மாறிப்போகிறது. பித்தநாளச் செல்களின் மாற்றம் இந்நோயில் ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பது இதில் விளங்கும்.

ஒரு காலத்தில் பித்தநாளச் செல்களே உருமாறி நார்ச்செல்களாகிக் கொலாஜனை நெய்கின்றன என்ற கருத்து வலுவாக இருந்தது. செல்களுக்கு நிலையான மரபணு அடையாளமிட்டு, அவற்றின் வழித்தோன்றல்களைப் பின்தொடரும் எலி ஆய்வுகள் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தபோது அக்கருத்து தளர்ந்தது. அடையாளமிடப்பட்ட பித்தநாளச் செல்கள் நார்ச்செல்களாக மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவை பிற செல்களை ஏவிவிடுகின்றன. தாமே நெய்வதில்லை என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் நிலை. பழைய கருத்து சில பாடநூல்களிலும் இணையப் பக்கங்களிலும் இன்னும் உயிரோடிருப்பதால் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செல் இறப்பும் செல் மூப்பும்

ஈரல் செல்லின் வேதனையைக் கேட்டு மட்டும் பித்தநாளச் செல் மாறுவதில்லை. மிகுந்துவிட்ட கொழுப்பு அமிலங்கள் அதையும் நேரடியாகத் தாக்குகின்றன. பாமாயில், நெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றில் மிகுதியாக உள்ளதும், மாவுச்சத்து மிகும்போது கல்லீரலே தயாரிப்பதுமான பால்மிடிக் அமிலம், அதனையொத்த ஸ்டியரிக் அமிலம் ஆகிய நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் பித்தநாளச் செல்களில் திட்டமிட்ட செல் இறப்பைத் தூண்டுவதை 2014 இல் ஒரு வளர்ப்புச் செல் ஆய்வு காட்டியது. இறப்பை இயக்கும் மரபணுக்களைத் திறந்துவிடும் ஃபாக்ஸ்ஓ3 என்ற புரதம் அதில் இடையீட்டாளராக இருந்தது.

இறக்காத செல்களில் சில மூப்படைகின்றன. மூப்படைந்த செல் பிரிவதில்லை. ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தொடர்ந்து வெளியிட்டு அண்டைச் செல்களையும் மூப்புக்குத் தள்ளுகிறது. ஒரே போர்ட்டல் பகுதியில் சில பித்தநாளச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதும் சில மூப்படைந்து நிற்பதும் முரண்போலத் தோன்றும். இரண்டும் ஒரே தாக்குதலுக்கு வெவ்வேறு செல்கள் காட்டும் எதிர்வினைகள்; ஒன்று மற்றொன்றுக்குத் தீனியும் போடுகிறது.

கொழுப்புச் சேர்க்கையிலும் பங்கு

இதுவரை கூறியவற்றில் பித்தநாளச் செல்கள் கொழுப்பு சேர்ந்த பின்னரே களத்துக்கு வருகின்றன. கொழுப்பு சேர்வதிலேயே அவற்றுக்குப் பங்குண்டா என்ற கேள்விக்குச் செக்ரெட்டின் பற்றிய ஆய்வுகள் எதிர்பாராத திசையிலிருந்து வெளிச்சம் காட்டின. செக்ரெட்டினின் ஏற்பி கல்லீரலுக்குள் முக்கியமாகப் பித்தநாளச் செல்களில் உள்ளது. ஈரல் செல்களில் இல்லை. ஆகவே செக்ரெட்டினைத் தடுத்துக் கல்லீரலில் ஏதேனும் மாறினால் அந்த மாற்றம் பித்தநாளச் செல் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் 2021 இல் வெளியிட்ட ஆய்வில் செக்ரெட்டின் மரபணு அல்லது அதன் ஏற்பி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு தரப்பட்டது. இயல்பான எலிகளோடு ஒப்பிட்டபோது அவற்றின் கல்லீரலில் நுண்நாளப் பெருக்கமும் தழும்பும் குறைவாக இருந்தன. அதோடு கொழுப்புப் படிவும் குறைந்திருந்தது. நோயுற்ற மனிதர்களின் கல்லீரல் மாதிரிகளில் செக்ரெட்டினும் அதன் ஏற்பியும் கூடியிருப்பதையும் அவர்கள் கண்டனர். பித்தநாளச் செல்லில் நிகழும் ஒரு மாற்றம் பக்கத்து ஈரல் செல்லின் கொழுப்புக் கணக்கையே மாற்றக்கூடும் என்பது இதன் பொருள். ஆனாலும் செக்ரெட்டின் குடல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றிலும் வேலைசெய்யும் ஹார்மோன். உடல் முழுவதும் மரபணு நீக்கப்பட்ட எலியில் கிடைத்த முடிவைப் பித்தநாளத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது அவசரமாகும்.

பித்தநீரின் ஓட்டம் தடைபடுதல்

கொழுப்புத் துளியால் உப்பிய ஈரல் செல்களுக்கு நடுவே ஓடும் நுண்வாய்க்கால்கள் என்ன ஆகும்? செருமனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு மனிதக் கல்லீரல் மாதிரிகளை முப்பரிமாணப் படங்களாக மீட்டெடுத்து இதை ஆராய்ந்தது. 2019 இல் வெளியான அவ்வாய்வின்படி நோய் முற்றும்போது வாய்க்கால் வலைப்பின்னலின் வடிவமும் தொடர்ச்சியும் குலைகின்றன. மையச் சிரையை ஒட்டிய பகுதியில் பித்தநீரின் அழுத்தம் கூடுவதாகக் கணிப்பு மாதிரி காட்டியது. பெரிய குழாயில் கல்லோ கட்டியோ இல்லாமலேயே, கண்ணுக்குத் தெரியாத அளவில் பித்தத் தேக்கம் உருவாகிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ள பலருக்கு இரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற நொதி உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தேங்கும் பித்த அமிலம் சோப்புத்தன்மையால் செல்லைப் புண்படுத்துவது ஒருபுறம். மறுபுறம் பித்த அமிலங்கள் ஹார்மோன்போலவும் செயல்படுகின்றன. எஃப்.எக்ஸ்.ஆர். எனும் உட்கருப் புரதத்தில் அவை ஒட்டுவது 1999 இல் கண்டறியப்பட்டது. இப்புரதம் தூண்டப்பட்டால் பித்த அமில உற்பத்தி குறையும். கொழுப்பு உற்பத்தியும் சர்க்கரைக் கையாளலும்கூட மாறும். கல்லீரலில் உண்டான பித்த அமிலங்களில் நூற்றுக்கு 95 பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலுக்கே வருகிறது. வழியில் குடல் நுண்ணுயிரிகள் அவற்றை வேதியியல் முறையில் மாற்றுகின்றன. உணவு, குடல் நுண்ணுயிரி, பித்தநாளம், ஈரல் செல் ஆகியவை ஒரே வட்டத்தில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசைகின்றன.

குழந்தைகளில்

குழந்தைகளின் கொழுப்புக் கல்லீரல் நோய் நுண்ணோக்கியில் வேறு மாதிரித் தோன்றுவதுண்டு. பெரியவர்களைப்போல மையச் சிரையைச் சுற்றித் தொடங்காமல், பல குழந்தைகளில் அழற்சியும் தழும்பும் போர்ட்டல் பகுதியிலேயே முதலில் தென்படுகின்றன. 2005 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இதைத் தனி வகையாக விவரித்தனர். பித்தநாளத்துக்கு அருகிலேயே நோய் தொடங்குவதால் குழந்தைகளிடம் பித்தநாளச் செல்களின் பங்கு இன்னும் முன்னதாகவே அமைவதாகக் கருதப்படுகிறது.

பித்தநாளச் செல் ஈரல் செல் ஆகுமா

நுண்நாள எதிர்வினை முழுக்கத் தீமைதானா என்பது இன்னும் முடியாத வழக்கு. எலிகளில் ஈரல் செல்கள் பிரிவதைச் செயற்கையாகத் தடுத்துவிட்டுச் சேதமுண்டாக்கியபோது, பித்தநாளச் செல்களிலிருந்து புதிய ஈரல் செல்கள் தோன்றியதை 2017 இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினர். ஈரல் செல்கள் பிரியக்கூடிய நிலையில் இருக்கும் எலிகளில் இந்த மாற்றம் மிக அரிது. 2024 இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதனை மனிதரிடம் தேடியது. நோயின் வெவ்வேறு கட்டங்களில் எடுக்கப்பட்ட 47 கல்லீரல் மாதிரிகளின் செல் உட்கருக்களைத் தனித்தனியாகப் படித்ததில், ஈரல் செல்லின் அடையாளத்தையும் பித்தநாளச் செல்லின் அடையாளத்தையும் ஒருங்கே தாங்கிய இடைநிலைச் செல்கள் கிடைத்தன. நோய் முற்றிய கல்லீரல்களில் அவை கூடுதலாக இருந்தன.

இதைக் கல்லீரல் தன்னை மீட்டுக்கொள்ளும் முயற்சி என்று வாசிக்கலாம். அடையாளம் குழம்பிய செல்கள் பிற்காலத்தில் புற்றுக்கு வழிவிடும் என்றும் அஞ்சலாம். இரண்டு வாசிப்புகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. சிறிதளவு, சிறிதுகாலம் நிகழும்போது மீட்பாக இருப்பது, தாக்குதல் ஓயாதபோது தழும்புக்கு வித்தாகிறது என்று கொள்வதே கிடைத்துள்ள சான்றுகளோடு பொருந்துகிறது. காரணமா விளைவா என்ற கேள்விக்கும் இதே பதிலைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. பெரும்பாலோரிடம் இம்மாற்றம் ஈரல் செல்லின் சேதத்தால் விளைகிறது. விளைந்தபின் தானே ஒரு காரணமாகி நோயை முன்தள்ளுகிறது.

நோயறிதல்

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் வரும் "கிரேடு 1", "கிரேடு 2" என்ற குறிப்புகள் கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கின்றன. பித்தநாளச் செல்களின் மாற்றத்தை அல்ட்ராசவுண்டாலோ சாதாரண இரத்தப் பரிசோதனையாலோ காண இயலாது. அதைக் காண ஊசிவழித் திசு மாதிரி எடுத்துக் கெரட்டின் சாயமிட வேண்டும். அப்படி எடுக்கும் துணுக்கு கல்லீரலில் ஏறத்தாழ 50,000 இல் ஒரு பங்குதான் என்பதும், அதில் போர்ட்டல் பகுதிகள் போதிய அளவில் அகப்பட வேண்டும் என்பதும் இதன் குறைகள். நடைமுறையில் மருத்துவர்கள் தழும்பையே மறைமுகமாக அளக்கின்றனர். வயது, இரு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் ஃபிப்-4 குறியீடும், கல்லீரலின் விறைப்பை அதிர்வலையால் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவியும் இதற்குப் பயன்படுகின்றன. "கிரேடு 1 தானே" என்று நீரிழிவு நோயாளி ஒருவர் அறிக்கையை மடித்து வைத்துவிடுவது ஆபத்தானது. கொழுப்பு குறைவாகவும் தழும்பு மிகுதியாகவும் இருக்கும் கல்லீரல்கள் உண்டு. சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு மறைந்தே போவதும் உண்டு.

மருத்துவம்

பித்தநாளச் செல்களைக் குறிவைத்து இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. பித்தத்தோடு தொடர்புடைய மருந்துகளின் வரலாறு ஏமாற்றம் நிறைந்தது. பித்த ஓட்டத்தைச் சீராக்கும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் தொடக்கத்தில் நம்பிக்கை தந்தது. 2004 இல் வெளியான இரட்டை மறைப்புச் சோதனையில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை. எஃப்.எக்ஸ்.ஆர். புரதத்தைத் தூண்டும் ஒபெட்டிகோலிக் அமிலம் தழும்பைச் சிலரிடம் குறைத்தது. ஆனால் கடும் நமைச்சலும் தீய கொலஸ்டிரால் உயர்வும் சேர்ந்து வந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்நோய்க்காக அதனை ஏற்க 2020 இலும் 2023 இலும் மறுத்தது.

2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெட்டிரோம் ஈரல் செல்களிலுள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பியின் வழியே கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது. 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற செமாகுளூட்டைடு பசியையும் எடையையும் குறைக்கிறது. இரண்டும் பித்தநாளச் செல்லை நேரடியாகத் தொடுவதில்லை. ஈரல் செல்லின் சுமை இறங்கினால், அது பித்தநாளச் செல்லுக்கு அனுப்பும் அழைப்பும் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. செக்ரெட்டின் ஏற்பியைத் தடுக்கும் பொருள்கள், மூப்படைந்த செல்களைக் களையும் பொருள்கள் ஆகியவை இன்னும் எலி ஆய்வுகளின் கட்டத்தைத் தாண்டி வெகுதூரம் வரவில்லை.

உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 பங்குக்கு மேல் குறைத்தவர்களில் பலரிடம் தழும்பும் பின்வாங்குவது மறு திசுச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. தழும்பு ஏறிய கல்லீரல் திரும்பவே திரும்பாது என்ற பழைய எண்ணம் இதனால் கைவிடப்பட்டது. தழும்பு கரையும்போது, முளைத்த நுண்நாளங்களில் எவை மறைகின்றன, எவை அப்படியே தங்கிவிடுகின்றன என்பது இப்போது ஆய்வாளர்கள் பின்தொடரும் கேள்விகளில் ஒன்றாக உள்ளது.